ஒரு மாச வனவாசம்

மூடாதீங்க சார், மூடாதீங்க! கையை எடுங்க. அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது லேப்டாப்பை மூடினா, அப்புறம் திறக்கும்போது அதுவும் அழும், நீங்களும் அழுவீங்க. இருபத்து மூணு சதவீதம்னு போட்டிருக்கு பாருங்க. அப்படியே மடியில வச்சுக்குங்க. சார்ஜ் இருக்கில்ல? அப்ப ஒண்ணும் ஆகாது. எதுவரைக்கும் போறீங்க? திண்டுக்கல்லா? அதுக்குள்ள முடிஞ்சாலும் முடியும். நான் மணப்பாறையில இறங்கிடுவேன்.

தப்பா நினைக்காதீங்க, எட்டிப் பாக்குற பழக்கம் எனக்குக் கிடையாது. பக்கத்துல யாராவது லேப்டாப்பைத் திறந்தா என் கண்ணு தானா அங்க போயிடும், அவ்வளவுதான். போன தை மாசம் ஒரு கல்யாணத்துல மணமேடைக்குப் பின்னால உக்காந்து போட்டோக்காரன் லேப்டாப்புல என்ன ஓடுதுன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டேன். தாலி கட்டினதைப் பாக்கல. அதுலேருந்து எங்க வீட்டம்மா என்னை விசேஷத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போறதே இல்ல.

என் பேரு கோதண்டபாணி. உறையூர்ல மூக்குக்கண்ணாடிக் கடை. உங்க கண்ணாடிகூட இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு சார், குடுங்க. ஸ்க்ரூ டிரைவர் எப்பவும் சட்டைப் பையிலேயே இருக்கும். ஸ்க்ரூ டிரைவர், பென் டிரைவ், ரெண்டும் இல்லாம நான் வீட்டை விட்டு இறங்க மாட்டேன். இந்தாங்க, இப்பப் போட்டுப் பாருங்க. நேரா இருக்கா?

நீங்க வச்சிருக்கிற சிஸ்டத்தைப் பத்தி நான் குறை சொல்ல வரல. அதோட பேரைக்கூட சொல்ல மாட்டேன். எங்க குழுவுல அதுக்குப் பேரே "அது"தான். திருச்சியில லினக்ஸ் குழுன்னு ஒண்ணு இருக்கு சார். லினக்ஸ் கேள்விப்பட்டிருப்பீங்க, அதுவும் கம்ப்யூட்டரை ஓட்டுற ஒரு சிஸ்டம்தான். யாரு வேணாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். அதுல வேற வேற வகை இருக்கு, ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு மாதிரி சாம்பார் வைக்கிறாங்களே, அந்த மாதிரி. நாங்க ஒன்பது பேர். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல கூடுவோம். அன்னைக்கு அங்க லீவு. மெஷினுக்கெல்லாம் உறை போட்டு மூடியிருக்கும், நடுவுல நாங்க உக்காந்து கத்திக்கிட்டு இருப்போம். பதினாலு வருஷமா.

இந்தப் பதினாலு வருஷமும் யாரு கூடக் கத்தினேன்? அதான் விஷயம். சவரிராஜ்னு ஒருத்தன். மணப்பாறைக்காரன், பாலிடெக்னிக்ல லேப் பாத்துக்கிறான். என் வயசுதான், ஆனா பிடிவாதம் என்னை மாதிரி நாலு பேருக்கு உள்ளது. நான் அப்படி இல்ல சார். எதிராளி சொல்றதுல நியாயம் இருந்தா உடனே ஒத்துக்குவேன். இந்தப் பதினாலு வருஷத்துல அவன் சொல்றதுல அப்படி ஒரு நியாயம் எனக்கு அமையல, அவ்வளவுதான்.

நான் டெபியன். அவன் ஃபெடோரா. ரெண்டும் லினக்ஸ்தான். டெபியன்ல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சுமாரா புதுப் பதிப்பு வரும். நிதானமா சோதிச்சுப் பாத்துட்டுத்தான் வெளியில விடுவாங்க. ஃபெடோரா ஆறு மாசத்துக்கு ஒண்ணு. இதுதான் சண்டை. "உன்னுது ரெண்டு வருஷத்துப் பழைய சோறுய்யா"ம்பான் அவன். "பழைய சோறு வயித்துக்கு நல்லது. வீட்டை ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாய்யா மாத்துவாங்க?"ம்பேன் நான். இதையே பதினாலு வருஷமான்னு பாக்காதீங்க. ஒவ்வொரு வாரமும் புதுசா ஒரு செய்தி வரும்ல. எங்கயோ அமெரிக்காவுல ஒரு பெரிய கம்பெனி ஒரு சின்னக் கம்பெனியை வாங்கிடும். "போச்சு, எல்லாம் முடிஞ்சுது"ன்னு நான் சொல்லுவேன், "இனிமேதான்யா ஆரம்பம்"னு அவன் சொல்லுவான். வித்தவனும் வாங்கினவனும் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாங்க.

வெறும் வாய்ச்சண்டைன்னு நினைச்சிடாதீங்க, சட்டதிட்டம் இருக்கு. போஸ்டாபீஸ்ல வேலை பாக்குற வசுமதி மேடம்தான் எங்க செயலாளர். அவங்க ரெண்டே ரெண்டு விதி எழுதி வச்சிருக்காங்க. முதல் விதி, செய்தி சொல்றவன் லிங்க் காட்டணும். அது எந்த இணையப் பக்கத்துல வந்துச்சு, எடுத்துக் காட்டு. லிங்க் இல்லாம செய்தி சொன்னா எல்லாருக்கும் அவன்தான் வாழைக்காய் பஜ்ஜி வாங்கணும். ரெண்டாவது விதிதான் பொல்லாதது. வருஷத்துக்கு ஒரு தடவை முறைப்படி விவாதம் நடக்கும். தோத்தவன் ஒரு மாசம் ஜெயிச்சவனோட சிஸ்டத்துலதான் இருக்கணும். சொந்த லேப்டாப்புல, கள்ளத்தனம் இல்லாம. அதுக்கு நாங்க வச்ச பேரு வனவாசம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால நான் தோத்தேன்.

தோத்தேன்னு நான் சொல்ல மாட்டேன், வசுமதி மேடம் நோட்டுல அப்படி எழுதினாங்க. என்ன நடந்துச்சுன்னா, அன்னைக்கு நான் ஒரு புது லேப்டாப்புல அப்பத்தான் டெபியனைப் போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன். மேடையில வைஃபை வரல. அதுக்கு வேண்டிய ஒரு மென்பொருள் துணுக்கு, வைஃபை செஞ்ச கம்பெனிக்காரன் யாரும் பிரிச்சுப் பாக்க முடியாம மூடி வச்சிருக்கிற துணுக்கு, டெபியன்ல அப்பல்லாம் கூடவே வராது. நாமதான் தனியா போட்டுக்கணும். இப்ப மாத்திட்டாங்க. அப்ப அது கொள்கை சார். மூடி வச்சிருக்கிறதை நாங்க தொட மாட்டோம். அதைத்தான் நான் மைக்ல விளக்கிக்கிட்டு இருந்தேன். சவரிராஜ் எந்திரிச்சு, "கோதண்டம், உன் கொள்கையை அப்படியே வாட்சப்ல அனுப்புய்யா, படிச்சுக்கிறோம்"னான். சபையே சிரிச்சுது. நெட்டே இல்லாம எப்படி அனுப்புறது? பல்லைக் கடிச்சுக்கிட்டு வனவாசம் போனேன்.

ஒரு மாசம் ஃபெடோரா. முதல் வாரம் முள்ளு மேல உக்காந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது வாரம் பழகிடுச்சு. மூணாவது வாரம் கடை பிரின்டரை மாட்டினேன், சொன்ன பேச்சு கேட்டுது. முப்பதாம் நாள் முடிஞ்சுது. முப்பத்தொண்ணாம் நாள் டெபியனுக்குத் திரும்பிடணும்னுதான் இருந்தேன். அன்னைக்குப் பாத்து கடையில கூட்டம், ஸ்கூல் திறக்குற சமயம், பிள்ளைங்களுக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றாங்க. சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம். அடுத்த வாரம் ஆடித் தள்ளுபடி. அப்புறம் தீபாவளி. நேரமே இல்ல சார் எனக்கு, நம்புங்க. ஆறு வருஷமா நேரமே கிடைக்கல.

ஏமாத்துனேன்னு சொல்லிடாதீங்க. திரும்பப் போறவன்தானே? அதுவரைக்கும் பாக்குறவங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு திரையில ஒரு டெபியன் படத்தைப் போட்டு வச்சேன். லேப்டாப் மூடியில டெபியன் ஸ்டிக்கர், இதோ பையில இருக்கு பாருங்க, சிவப்பா ஒரு சுழி. அது ஏற்கனவே ஒட்டினதுதான், அதை எதுக்குப் பிய்க்கணும்? ஒரு சின்ன ஏற்பாடு மட்டும் செஞ்சேன். புதுசா ஒரு மென்பொருள் வேணும்னா டெபியன்ல "ஆப்ட்"னு ஆரம்பிச்சு ஒரு கட்டளை அடிக்கணும். ஃபெடோராவுல "டி.என்.எஃப்". நான் ஆப்ட்னு அடிச்சா உள்ளுக்குள்ள டி.என்.எஃப் சத்தமில்லாம வேலை பாக்குற மாதிரி ஒரு குறுக்குவழி எழுதி வச்சுக்கிட்டேன். யாராவது வந்து தோள் மேல எட்டிப் பாத்தாங்கன்னா? ஒரு மரியாதைக்குத்தான்.

அந்த ஆறு வருஷமும் நான் ஃபெடோராவைத் திட்டின மாதிரி யாரும் திட்டியிருக்க மாட்டாங்க. கூட இருந்து பாத்தவன்ல! எங்க இடிக்கும், எங்க இழுக்கும்னு அத்துப்படி. "கோதண்டம் எதிராளியை எப்படிப் படிச்சு வச்சிருக்காரு பாருங்க"ன்னு வசுமதி மேடமே ஒரு தடவை சொன்னாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அடக்கம்.

சவரிராஜும் சளைச்சவன் இல்ல. ஒரு தடவை பித்தப்பையில கல்லுன்னு ஆஸ்பத்திரியில கிடந்தான். ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிடல, முனகிக்கிட்டே கிடக்குறார்னு அவன் சம்சாரம் ரீத்தா போன் பண்ணுச்சு. சாத்துக்குடி வாங்கிக்கிட்டுப் போனேன். பாத்தா பாவமா இருந்துச்சு சார், மூஞ்சி வத்திப் போய். என்ன பேசுறதுன்னு தெரியல. "ஃபெடோரா அடுத்த பதிப்பு தள்ளிப் போகுதாமே"ன்னேன். எந்திரிச்சு உக்காந்தான் பாருங்க! "ரெண்டு வாரம்! ரெண்டே வாரம்யா! நீங்க ரெண்டு வருஷம் உக்காந்திருப்பீங்க, அதைக் கேக்க ஆள் இல்ல!" குளுக்கோஸ் ஸ்டாண்டு ஆடுது. நர்ஸ் வந்து என்னைத் துரத்தி விட்டுது. மத்தியானம் ரீத்தா போன் பண்ணி, "அண்ணே, நீங்க போனப்புறம் நாலு இட்லி சாப்பிட்டாரு, நாளைக்கும் வருவீங்களா"ன்னு கேட்டுச்சு.

இப்படி இருந்த மனுசன் சார்.

டிக்கெட் எடுத்தாச்சுங்க கண்டக்டர், ரெண்டு பேரும் எடுத்தாச்சு.

எங்க விட்டேன்? ஆங், இந்த வருஷ விவாதம். புரட்டாசியில நடந்துச்சு, சவரிராஜோட பாலிடெக்னிக்லேயே. பெரிய ஹால், எழுபது எண்பது மாணவங்க. பின்னால பெரிய திரை. முதல்ல சவரிராஜ் செஞ்சு காட்டினான். அடுத்து நான். "டெபியன்ல ஒரு மென்பொருளை எவ்வளவு சுலபமா போடலாம்னு பாருங்க"ன்னு மைக்ல சொல்லிட்டு உக்காந்தேன். ஒரு சின்ன வேடிக்கை மென்பொருள் இருக்கு சார், எழுத்தாலேயே ஒரு ரயில் வண்டி வரும், திரையில இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் புகை விட்டுக்கிட்டு ஓடும். பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்னு அதை எடுத்தேன்.

மனசுல ஆப்ட், ஆப்ட்னு சொல்லிக்கிட்டேதான் கையை வச்சேன். அவ்வளவு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தேனே, எல்லாம் இதுக்குத்தானே? ஆனா விரலுக்கு யாரு சார் சொல்றது? ஆறு வருஷம் தினம் அடிச்ச விரல். மாணவங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே அடிச்சேன். என்டர் தட்டினேன். திரும்பிப் பாத்தா திரையில ஆள் உசரத்துக்கு டி.என்.எஃப்.

டெபியனா இருந்தா அந்த வார்த்தையே தெரியாதுன்னு சொல்லியிருக்கும். இது சொல்லல. சமத்துப் பிள்ளையாட்டம் கடகடன்னு வேலை பாத்துது. வலது பக்கம் வரிசையா ஃபெடோரா, ஃபெடோரா, ஃபெடோரான்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. எனக்கு உயிரே போச்சு. அந்த நேரம் பாத்து ரயில் வண்டி வந்துது சார். மெதுவா, புகை விட்டுக்கிட்டு, திரை முழுக்க ஓடுச்சு. எழுபது பிள்ளைங்களும் கைதட்டி விசில் அடிச்சாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? அந்த ஹால்ல விஷயம் புரிஞ்சவங்க மொத்தம் ஒன்பது பேர். ஒன்பது பேரும் கைதட்டல.

கையும் களவுமா மாட்டியாச்சு. சவரிராஜ் இப்ப சிரிப்பான், மைக்கை வாங்கிக் கிழி கிழின்னு கிழிப்பான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். அவன் சிரிக்கல. எந்திரிச்சு வெளியில போயிட்டான். ஓடிப் போய் சைக்கிள் ஸ்டாண்டுல பிடிச்சேன்.

"எத்தனை நாளா?"ன்னான்.

"வனவாசத்துலேருந்து"ன்னேன்.

"ஆறு வருஷமா?"

"நேரமே கிடைக்கலய்யா"ன்னேன்.

கோபப்பட்டிருந்தா பரவாயில்ல சார். அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். என்னை ஒரு மாதிரி பாத்தான். "அப்ப ஆறு வருஷமா நான் யாருகூடய்யா சண்டை போட்டேன்? ஞாயித்துக்கிழமை பேச சனிக்கிழமை முழுக்க உக்காந்து பாயிண்ட் எழுதுவேன். கோதண்டம் இதைச் சொல்லுவான், நாம அதைச் சொல்லணும்னு நடந்துக்கிட்டே பேசிப் பாப்பேன், ரீத்தா சிரிக்கும். எதிர்ல ஆளே இல்லாமயா இவ்வளவும்?" அப்படின்னுட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை வரதே இல்ல. ஏழு வாரம்.

வீட்டுல சொன்னேன். அம்சவேணி, அதான் எங்க வீட்டம்மா, அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டுது. "வேற ஒருத்தி கூட ஆறு வருஷம் குடித்தனம் நடத்திட்டு, சபையில எம் பொண்டாட்டி மாதிரி உண்டான்னு பேசியிருக்கீங்க. அந்த அண்ணன் கோவிச்சுக்காம என்ன பண்ணும்?"னுச்சு.

அவன் வராம குழு எப்படி இருக்குங்கிறீங்க? போன வாரம் ஒருத்தர் ஒரு செய்தி சொன்னாரு. "ஆமாம்"னாங்க எல்லாரும். இன்னொருத்தர் இன்னொண்ணு சொன்னாரு. "அதுவும் சரிதான்"னாங்க. இருபது நிமிஷத்துல கூட்டம் முடிஞ்சுது. பஜ்ஜி ஆறிப்போய் அப்படியே இருக்கு. நான் ஒரு டைப்ரைட்டர் உறையைத் தூக்கி உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு வீட்டுக்கு வந்தேன். பகல் பதினோரு மணிக்கு வீட்டுல என்னைப் பாத்து அம்சவேணி பயந்துடுச்சு, உடம்பு கிடம்பு சரியில்லையான்னு. உடம்புக்கென்ன? சவரிராஜ் இல்லாம எனக்கு ஞாயித்துக்கிழமை வேண்டியிருக்கல சார். அதுதான் நிஜம்.

அதான் முடிவு பண்ணேன். பத்து நாளுக்கு முன்னால லேப்டாப்பைத் துடைச்சுத் தள்ளிட்டு நிஜமாவே டெபியனைப் போட்டுட்டேன். குறுக்குவழி கிடையாது, மேல் பூச்சு கிடையாது. அசல். முதல் ரெண்டு நாள் வழி தெரியாம முழிச்சேன், என் சொந்த ஊர்லேயே நான் விலாசம் கேட்டுக்கிட்டு அலைஞ்சேன். கஷ்டப்பட்டு டெபியனுக்கு ஆதரவா பாயிண்ட் சேத்தேன், பதினேழு. இப்பப் போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டி, லேப்டாப்பை முன்னால வச்சு, "வாய்யா, இப்ப எதிர்ல ஆள் இருக்கான், உன் ஓட்டை ஃபெடோராவை எடுத்துக்கிட்டு வா"ன்னு சொல்லப் போறேன்.

என்ன பயம்னா, வெளியில போடான்னு சொல்லுவானோன்னு பயம் இல்ல. சொன்னா திரும்பச் சொல்லலாம். எங்க கடையில கண்ணு டெஸ்ட் பண்ணும்போது ரெண்டு லென்ஸ் மாத்தி மாத்திப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா"ன்னு கேப்பேன். பாதிப் பேர் என்ன சொல்லுவாங்க தெரியுமா? "ரெண்டும் ஒண்ணுதாங்க." எனக்குப் பத்திக்கிட்டு வரும். ரெண்டும் ஒண்ணா இருக்கவே முடியாது, சலிச்சுப் போனவன்தான் அப்படிச் சொல்லுவான். சவரிராஜ் கதவைத் திறந்து, உக்கார வச்சு, காப்பி கொடுத்து, "விடு கோதண்டம், ரெண்டும் ஒண்ணுதான்"னு சொல்லிட்டான்னு வைங்க. அதோட முடிஞ்சுது சார். அப்புறம் நாங்க ரெண்டு பேரும் வழியில பாத்தா சௌக்கியமான்னு கேட்டுக்கிற ஆளுங்க, அவ்வளவுதான்.

அதான் ஆழம் பாக்கலாம்னு காலையில குழுவோட வாட்சப்புல ஒரு செய்தி போட்டேன். "உலகத்துல இருக்கிற லினக்ஸ்லயே தலைசிறந்தது டெபியன்தான்னு ஆராய்ச்சியில நிரூபணம்." லிங்க் கிடையாது. வேணும்னேதான். எந்த ஆராய்ச்சி, யாரு பண்ணினது, எனக்கே தெரியாது. மீனுக்குப் புழு மாட்டுற மாதிரி போட்டேன். ரெண்டு நீல டிக் விழுந்து ரெண்டு மணி நேரம் ஆச்சு. படிச்சுட்டான். பதில் இல்ல. வசுமதி மேடம் ஒரு கும்பிடு போட்டிருக்காங்க. யாருக்கு வேணும் அவங்க கும்பிடு?

உங்களுது எவ்வளவு சார் ஆயிருக்கு? இருபத்து நாலா? பரவாயில்ல, ஏறுதே.

இருங்க, இருங்க. என் போன்தான். சவரிராஜ்! எனக்குத் தனியா அனுப்பியிருக்கான். நீங்களே படிங்க சார். இல்ல, குடுங்க, நானே படிக்கிறேன்.

"லிங்க் எங்கய்யா? இல்லேன்னா பஜ்ஜி."

அட்றா சக்கை! பாத்தீங்களா? லிங்க் கேக்குறான் சார்! ஏழு வாரம் கழிச்சு லிங்க் கேக்குறான்! கண்ணுல தண்ணி வருதேன்னு பாக்குறீங்களா, வரட்டும். பஜ்ஜி என்னய்யா பஜ்ஜி, மணப்பாறை முறுக்கே மூட்டையா வாங்கித் தரேன். இருங்க, இன்னொண்ணு வந்திருக்கு. நீளமா இருக்கு.

"ஃபெடோராக்காரனுக்கு டெபியனைப் புகழ என்ன வேலை? ஆறு வருஷம் எதிர்ல ஆள் இல்லாம பேசினேன். இனிமே அந்தப் பொழப்பு வேண்டாம்னு, நீ எந்தப் பக்கம்னு தெரிஞ்சப்புறம் நான் உனக்கு எதிர்ப் பக்கம் வந்துட்டேன். போன மாசமே டெபியன் போட்டாச்சு. ஏழு வாரமா வராதது கோபத்துல இல்ல, படிச்சுக்கிட்டு இருந்தேன். முப்பத்தொரு பாயிண்ட் வச்சிருக்கேன். நீ கிளம்பிட்டேன்னு தங்கச்சி அம்சவேணி போன்ல ரீத்தாகிட்ட சொல்லிடுச்சு. பஸ் ஸ்டாண்டுலேயே நிக்கிறேன். உன் ஃபெடோராவைத் தூக்கிக்கிட்டு இறங்கு."

இறங்குன்னா எப்படி சார் இறங்குறது? பையில இருக்கிறது டெபியன்!

ஐயோ, மணப்பாறைக்கு இன்னும் எவ்வளவு நேரம்? கண்டக்டர், எவ்வளவு நேரம்ங்க? பத்து நிமிஷமா? சார், இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க. லேப்டாப்பை எடுத்துக்கிறேன். பென் டிரைவ், பென் டிரைவ், இந்தா இருக்கு. இதுல ஃபெடோரா இருக்கு சார், எப்பவும் இருக்கும், ஒரு அவசரத்துக்கு. லேப்டாப்புல ஏத்தக்கூட வேண்டாம், பென் டிரைவை மாட்டித் திறந்தா இதுலேருந்தே ஓடும். போதும். திரையில நீலமா ஃபெடோரா நின்னா போதும், மத்ததை வாய் பாத்துக்கும். முப்பத்தொரு பாயிண்டாமே! டெபியன்ல அப்படி என்ன சார் இருக்கு? பத்து நாளா நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும். ரெண்டு வருஷத்துப் பழைய சோறு! முப்பத்தொரு பாயிண்ட் எங்கேருந்து வரும்? லிங்க் காட்டச் சொல்றேன் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் லிங்க் காட்டச் சொல்றேன்.

வந்துடுச்சு, வந்துடுச்சு. நீலம் வந்துடுச்சு.

அடடா, மூடியில சிவப்புச் சுழி! இதைப் பாத்தான்னா அவ்வளவுதான், மறுபடியும் யாருகூடய்யா பேசுறேன்னு ஆரம்பிச்சிடுவான். ஆறு வருஷமா ஒட்டியிருக்கு சார், வர மாட்டேங்குது. ஸ்க்ரூ டிரைவர் வச்சா கீறல் விழும். எனக்கு நகமே கிடையாது, ஏழு வாரத்துல எல்லாத்தையும் கடிச்சுத் துப்பிட்டேன். உங்க லேப்டாப்பை அந்த சீட்டு மேல வைங்க, அது பாட்டுக்கு ஓடட்டும். கையைக் காட்டுங்க. நகம் இருக்கில்ல? அந்த ஓரத்துலேருந்து சுரண்டுங்க சார், நான் இந்த ஓரத்துலேருந்து வரேன். சீக்கிரம், சீக்கிரம், அதோ பஸ் ஸ்டாண்டு வாசல்ல நிக்கிறான் பாருங்க.